நண்டின் மேல் போட்ட பழி

முழங்கால் இரண்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கஞ்சி போட்ட புடவையின் மொடமொடப்பு, மல்லிகைப்பூ, தேங்காயெண்ணெய், தூறலில் நனைந்து வந்த காலடிகளின் ஈர வாசனை, எல்லாம் என் மூக்குக்கு நேராகப் போயின.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு அது. எங்கள் கோயிலில் (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் பத்துப் பத்துப் பேராக முழங்கால் போடுவோம். ஐயர் வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டு வருவார், பின்னாலேயே திராட்சரசக் கிண்ணம் வரும். ஐயர் என்றால் பாதிரியார். எங்கள் பழைய சபைகளில் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

என் பெஞ்சில் கடைசியாக எழுந்தவர் ரோஸ்மேரி அத்தை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, வரலியா?"

"வயிறு சரியில்லங்கத்த."

வயிறு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் நான் சொன்ன ஒரு பொய் குட்டி போட்டது, அவ்வளவுதான்.

கிராதியில் என் இடம் காலியாக இருந்தது. அத்தைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு இடைவெளி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களைப் போன்றவர்களாம்!

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவர்களாக இல்லாமல் வாரம் ஏழு நாளும் விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்வது எப்படி, உங்களைப் போன்றவர்கள் எழுதினால் எங்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று.

உங்களைப் போன்றவர்களாம்! கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. உபதேசம் பண்ண எனக்கு வராது. நடந்ததைச் சொல்லத் தெரியும். சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் எஸ்தர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அங்கன்வாடி டீச்சர். வீட்டுக்காரர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். வருடத்தில் பாதி நாள் எந்த மாவட்டத்தில் அறுப்போ அங்கே இருப்பார். எங்களுக்கு நாலு மா நிலம், அதாவது ஒரு ஏக்கரும் கொஞ்சமும் உண்டு. அவர் இல்லாத நாளில் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து நிலம் தனம் அக்காவுடையது. என் அப்பா அவர்கள் வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். அக்காவின் மாமனார் காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் அவர்கள் வாசலோடு சரி.

அக்கா அந்தக் கதையையெல்லாம் தூக்கிச் சுமக்கிற ஆள் இல்லை. நான் முதல் நடவு நட்ட அன்றைக்கு வரப்பில் வந்து சட்டமாக உட்கார்ந்து, என் தூக்குச்சட்டியைத் திறந்து, மோர்ச்சோற்றில் பாதியைக் காலி பண்ணினாள். "உப்பு கம்மி" என்று குற்றம் வேறு. அன்றிலிருந்து எனக்கு அவள்தான் வயல்வெளி. "ஏ எஸ்தரு!" என்று அவள் ஒரு கூப்பாடு போட்டால் குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும்.

அவள் சொன்னால் சொன்னதுதான்

எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். தனம் அக்காவுக்கு அதில் ஒரு தனி நம்பிக்கை. வேதக்காரிக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கே கேட்டாளோ தெரியாது, என்னை வைத்து அதை நிரூபித்தே தீருவது என்று இருந்தாள்.

ரேஷன் கடையில் யார் முதலில் வந்தது என்று தகராறு வந்தால், "எஸ்தரு நிக்கிறாள்ல, அவளக் கேளுங்க" என்பாள். கோழி யாருடையது, பைப்படியில் யார் குடம் முன்னால் இருந்தது, எல்லாவற்றுக்கும் நான்தான் சாட்சி. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி கூடாது என்று பாடம் நடத்தும்போது என் குரல் கொஞ்சம் கனத்திருக்கும்.

அந்த ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. நாங்கள் இரண்டு பேரும் தாளடி நெல் நட்டு பத்து நாள்கூட ஆகவில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது. என் வயலில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் நின்றால் அழுகிவிடும்.

என் நிலம் மேடு. அக்காவுடையது ஒரு சாண் பள்ளம்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெளியில் ஒரு ஈ காக்காய் இல்லை. மண்வெட்டியை எடுத்து இரண்டு வயலுக்கும் நடுவில் இருந்த வரப்பில் ஒரு முழம் வெட்டினேன். வெட்டின மண்ணை என் பக்கமே இழுத்துப் போட்டேன். கொஞ்சம் வடிந்ததும் அதே மண்ணை வைத்து அடைத்துவிடலாம் என்று நினைப்பு. அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். "வெட்டிக்க, அர மணி நேரத்துல அடச்சிரு" என்றுதான் சொல்லியிருப்பாள். ஒருவேளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அதனால் கேட்கவில்லை.

அடைக்கப் போன நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. போட்ட மண் போட்டபடி கரைந்தது. ஒரு முழம் இரண்டு முழமானது. கை ஓய்ந்து, மிச்ச மண்ணை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு வரப்பைக் காணோம். என் பயிர் தலை தூக்கி நின்றது. அக்கா வயல் ஏரியாகக் கிடந்தது.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ, என்னடி இது? வரப்பு எப்புடிடி ஒடஞ்சுது?"

"நண்டு வளை போட்டிருக்கும்க்கா."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. எங்கள் பக்கம் வரப்பு உடைந்தால் முதலில் வாயில் வருவது நண்டுதான். வயல் நண்டு வரப்பில் வளை தோண்டும். அந்த ஓட்டையில் தண்ணீர் கசிந்து கசிந்து வரப்பே சரியும். யாரும் மறுபேச்சுப் பேசாத காரணம் அது.

"பாழாப்போற நண்டு! அதுக்கு எம் வயலுதானா கெடச்சுது!" என்று அக்கா திட்டிக்கொண்டே மண் வாரினாள். நானும் கூடச் சேர்ந்து நண்டைத் திட்டினேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மேட்டுப் பக்கம் கிடந்த மண்

அக்காவின் பயிர் முழுக்க அழுகியது. நன்னிலம் பக்கம் அவர்கள் சொந்தக்காரர் வீட்டிலிருந்து நாற்று கொண்டுவந்து மறுநடவு நட்டார்கள். நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட நட்டேன். "பாத்தியா, கூடப் பொறந்தவ செய்வாளா இத?" என்று நடவாட்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. குனிந்த தலையை நான் நிமிரவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ராமலிங்கம் அண்ணன். பேச்சு கம்மி, கண் கூர்மை. அவர் வந்து வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்ததை மறுநாள் அக்காதான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

"ஒங்க அண்ணன் என்ன சொல்றாரு தெரியுமா? நண்டு வளையில ஒடஞ்சா மண்ணு பள்ளத்துக்குத்தான் அடிச்சிட்டுப் போவும், மேட்டுப் பக்கம் எப்புடிக் கட்டி கட்டியாக் கெடக்குதுன்னு கேக்குறாரு. இது மம்முட்டி போட்ட கட்டிங்கிறாரு."

அவளே சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நான் விடுவேனா? அவ வேதக்காரி, அவ வாயில பொய் வராது, வாய அலம்பிட்டுப் பேசுங்கன்னேன். ரெண்டு வேள அடுப்பு பத்த வைக்கல. மனுசன் எறங்கி வந்துட்டாரு. நாளைக்கு ஒங்க வீட்டுக்கு வருவாரு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வேணாம்க்கா, அவர ஏன் சிரமப்படுத்துறீங்க" என்றேன். அதற்கும் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். குடையை மடக்கி வெளியே சாய்த்து வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"டீச்சரம்மா, நான் ஒரு வார்த்த தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போவலாம்."

பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து குடித்தார். நான் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடப் போட்டிருந்தேன். டம்ளரை அவரே கொண்டுவந்து பாத்திரம் கழுவுகிற தொட்டி முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டு ஆள் ஒருவர் எங்கள் தெரு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறார், இதை அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு சந்தோஷம் எனக்குள் ஓடியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஓடியது.

அப்பாவின் சனிக்கிழமை

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. அப்பா பேர் ஆசீர்வாதம். மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும்.

எங்கள் சபையில் திருவிருந்துக்கு முதல் நாள் சனிக்கிழமை ஆயத்த ஆராதனை உண்டு. விருந்துக்கு வருகிறவர்கள் அன்றைக்கே ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறபோது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று ஆண்டவர் சொன்னதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மாதத்தில் அந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சுற்றக் கிளம்புவார். அந்த மாதம் யார் யாரைத் திட்டினாரோ அத்தனை வாசலுக்கும் போய், "மன்னிச்சிருங்க" என்பார். "எதுக்கு ஆசீர்வாதம்?" என்று சிலருக்கு நினைவே இருக்காது. அப்பா அதை நினைவுபடுத்துவார், சில வாசலில் அதனாலேயே மறுபடி சண்டை வரும். மறுபடியும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். கடைசியில் அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் கேட்பார். "போதும் போதும், கொழம்ப எறக்கணும், தள்ளுங்க" என்பாள் அம்மா.

ஒரு தடவை பண்ணை மாட்டுக் கொட்டகைக்குள் போய் ஒரு காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "தெரியாம அடிச்சிட்டேன்டா" என்று நின்றதை நானே பார்த்தேன். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரித்தோம்.

பண்ணை வீட்டு வாசலுக்கும் போவார். எட்டி நின்று கேட்பார். அவர் அந்தச் சுற்றில் போகாத வாசல் இல்லை. யாரும் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் முதலாக வந்தவர் ராமலிங்கம் அண்ணன். அவர் கேட்டது, நான் செய்த தப்புக்கு.

மறுநாள் சனிக்கிழமை. ஆயத்த ஆராதனை மணி அடித்தது. நான் போகவில்லை. ஞாயிறு காலை பெஞ்சில் உட்கார்ந்தவள் எழவில்லை.

காலி இடம்

ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனை முதல் ஞாயிறுகளும் பெஞ்சில்தான்.

திருவிருந்து எடுக்காமல் இருந்தால் என்ன, பசியா எடுக்கும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு எடுத்தது. எங்கள் கோயில் திராட்சரசத்தில் ஒரு கிராம்பு வாசம் இருக்கும். கிண்ணம் உதட்டில் படும்போது வெள்ளியின் குளிர்ச்சி, ஐயர் துணியால் விளிம்பைத் துடைக்கிற சின்னச் சத்தம். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஆளுக்கும் அந்தத் துணிச் சத்தத்தை எண்ணுவேன். எனக்கு உரியது எனக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போனால் யாரும் தடுக்கப் போவதில்லை. அதுதான் கொடுமை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேல்ல? அதோட வுடு. ஊர்ல சொல்லி என்ன ஆவப் போவுது, ரெண்டு வீடு ஒடையும்" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்த மாதம் எழுந்து போக ஒரு காலை ஊன்றினேன். டீ டம்ளரைத் தொட்டி முற்றத்தில் வைத்த கை ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஆடியில் ராமலிங்கம் அண்ணன் போய்விட்டார். பம்ப்செட் பக்கத்தில் தலையைச் சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்தில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் ஒரு கொற வச்சிட்டுப் போவல எஸ்தரு அவரு. ஒங்கிட்டக்கூட வந்து கேட்டுட்டுத்தான் போனாரு."

அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவள் விடவில்லை, சாயங்காலம் வரைக்கும் பிடித்திருந்தாள். ஒரு மனிதனிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியே இல்லை என்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உளுந்து பிடுங்கின காலை

பங்குனி வந்தது. வயலில் உளுந்து காய்ந்து நின்றது. ஒரு சனிக்கிழமை காலை அக்கா தனியாகப் பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மறுநாள் முதல் ஞாயிறு. அப்பா மாதிரி குளித்துக் கிளம்பவில்லை. அங்கன்வாடிக்குப் போக உடுத்தின புடவையோடு வயலில் இறங்கினேன்.

"வாடி, ஒரு கை கொறயுதேன்னு பாத்தேன்" என்றாள்.

அவள் பக்கத்திலேயே குனிந்து ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கினேன். வெயில் இன்னும் ஏறவில்லை. செடி பிடுங்கும்போது வேரில் ஒட்டின புழுதி உதிர்கிற சத்தம் மட்டும். வரப்பு பக்கத்தில் வந்ததும் நிமிர்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு இந்த வரப்ப நான்தான் வெட்டினேன்."

"எந்த வரப்ப?"

"ஒங்க பயிரு அழுவிப் போச்சே, அன்னிக்கு. நண்டு இல்லக்கா. நான்தான். எம் பயிரு முழுவுதேன்னு வெட்டினேன். அடைக்க முடியல. கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

அவள் இன்னும் இரண்டு செடி பிடுங்கினாள். பிறகு நின்றாள். அவளுக்கு இது தெரிந்தே இருக்கும், சிரித்துவிட்டு விட்டுவிடுவாள் என்று மனசின் ஒரு மூலையில் எனக்கு நப்பாசை இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"பயிரு கெடக்குது. போனது போவட்டும்" என்றாள். கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். "அந்த மனுசன ஒன் வாசல்ல கொண்டாந்து நிக்க வச்சேனேடி."

"அக்கா..."

"அவரு சரியாத்தான சொன்னாரு? மேட்டுல கெடக்குற கட்டியப் பாத்துட்டுச் சரியாத்தான சொன்னாரு? நான் சோறாக்காம அடம் புடிச்சி அனுப்புனேன். நீ உக்கார வச்சி டீ போட்டுக் குடுத்த."

"மன்னிச்சிருங்கக்கா. கால்ல வேணா விழறேன்."

"எங்கிட்ட கேக்குற. சரி. அவருகிட்ட யாரு கேக்குறது?"

கட்டி வைத்திருந்த உளுந்துச் செடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போங்க டீச்சர். நாளைக்குக் கோயிலுக்குப் போவணும்ல."

எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவள் என்னைப் போங்க வாங்க என்றது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் ஐயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மன்னிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயரே" என்றேன். "நீங்க போய்க் கேட்டுட்டீங்க. அவங்க எப்ப குடுப்பாங்கங்கறது அவங்க கையில இருக்கு. நாளைக்கு வாங்க" என்றார். பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் எழுந்து போய் என் இடத்தில் முழங்கால் போட்டேன். ரோஸ்மேரி அத்தை ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டார். அதே கிராம்பு வாசம், அதே குளிர்ச்சி. கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்துவிடப் போகிறதே என்று பயமாக இருந்தது. ஒன்றரை வருடம் எதற்கு ஏங்கினேனோ அது நாக்கில் இருந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது இன்னொரு ஏக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெறும் தட்டு

ஊரில் யாரிடமும் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ரேஷன் கடையில் தகராறு வந்தால் மட்டும், யாராவது என்னைச் சாட்சிக்கு இழுத்தால், அவள் பையைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

தெருவில் எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். மரியாதைக்கு என்ன பதில் கொடுக்க முடியும்?

புரட்டாசியில் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அதிரசமும் முறுக்கும் சுட்டு, வழக்கம்போல அக்கா வீட்டுக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். அவள் மருமகள் வாங்கிக்கொண்டாள். மறுநாள் தட்டு திரும்பி வந்தது, கழுவித் துடைத்து, வெறும் தட்டாக. எங்கள் பக்கத்தில் பலகாரத் தட்டை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத் தருவார்கள். மருமகளுக்கு வழக்கம் தெரியாமல் நடந்ததா, அக்கா வேண்டுமென்றே செய்ததா என்று அந்தத் தட்டை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் வயலுக்குப் போனால் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். "ஏ எஸ்தரு!" என்று வராதா என்று. கொக்கு கத்தும், தூரத்தில் டிராக்டர் ஓடும், கும்பகோணம் பஸ் ஹாரன் கேட்கும். அது மட்டும் வராது. என் சோற்றில் உப்பு கம்மி என்று சொல்ல ஆள் இல்லாமல் தின்றுவிட்டு வருவேன்.

கடிதம் போட்ட சகோதரி, ஏழு நாளும் எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். கேட்க வேண்டியதை அந்த மாதமே போய்க் கேட்டுவிட வேண்டும். நாள் தள்ளினால் கேட்க வேண்டிய ஆள் இல்லாமல் போய்விடுகிறார். அப்பா காளையிடம்கூடப் போய் நின்றதற்கு நான் இனிமேல் சிரிக்க மாட்டேன்.

போன கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. வடிகாலைப் பஞ்சாயத்தில் முன்னாலேயே தூர் எடுத்திருந்தார்கள். அதனால் பெரிய பயம் இல்லை. இருந்தாலும் காலையில் குடை பிடித்துக்கொண்டு வயலைப் பார்க்கப் போனேன்.

நடுவரப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்தும் நகரவில்லை. கிட்டே போனேன். எட்டு மாதத்தில் அவ்வளவு கிட்டே போனது அன்றைக்குத்தான். முன்தலை முடி நரைத்திருந்தது.

"இந்த எடத்துல தண்ணி கசியுது. எம் பக்கம் எறங்குது" என்றாள்.

"நான் தொடலக்கா. சத்தியமா நான்..."

"இரு." குனிந்து வரப்பின் ஓரத்தைக் காட்டினாள். மழையில் மண் இளகின இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே ஏதோ அசைந்தது. ஒரு கொடுக்கு வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"நெசமான நண்டு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வாயோரம் மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிட்டீங்களா?"

வரப்பிலிருந்து ஒரு பிடி களிமண்ணை எடுத்து, வைக்கோலோடு சேர்த்து உருட்டி, என் கையில் வைத்தாள்.

"மொதல்ல ஓட்டைய அடைடி."

குடையைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து அடைத்தேன்.